ஊமைப் படங்கள் யார் சொத்து?

(வடமதுரையில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பகல் ஷிப்டு முடித்துத் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு நேரே இங்கு வந்திருக்கிறீர்கள். காட்டு வேலை முடித்து, அடுப்பு மூட்ட நேரமாகிறதே என்ற கவலையோடு தாய்மார்கள் வந்திருக்கிறீர்கள். கூலியைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகிறோம், இனியும் பேசுவோம். இன்று வேறொரு விஷயம் பேசப்போகிறோம். சினிமாவைப் பற்றி. அதிலும், இன்று எந்தக் கொட்டகையிலும் ஓடாத பழைய ஊமைப் படங்களைப் பற்றி.

"வயிற்றுப்பாட்டைப் பேசாமல் ஊமைப் படத்தைப் பேச வந்துவிட்டார்களே" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். முடிவில் அதற்குப் பதில் சொல்கிறோம். அதற்கு முன் ஒரு சங்கதியைக் கேளுங்கள்.

முதல் படத்தில் நடித்தவர்கள் யார்?

1895 டிசம்பர் 28. பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் என்ற இருவர் காசு வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குச் சலனப் படம் காட்டினார்கள். அன்று காட்டிய படங்களில் ஒன்று எது தெரியுமா? லியோன் நகரத்தில் அவர்களுக்குச் சொந்தமான தொழிற்சாலையின் கதவு திறக்கிறது. உள்ளேயிருந்து தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். நீண்ட பாவாடை, தலையில் தொப்பி; நடுவே ஒரு சைக்கிள், ஒரு நாய். ஒரு நிமிஷத்துக்கும் குறைவான படம். அவ்வளவுதான்.

சங்கு ஊதியதும் நம் மில் வாசலில் நடக்கிற அதே காட்சி! ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. உலக சினிமாவின் முதல் நடிகர்களில் ஆலைத் தொழிலாளர்களும் உண்டு. முதலாளிகளின் பெயர் உலகம் பூராவும் தெரிகிறது. அந்தப் பெண்களின் பெயர்? அன்றைய படத்தில் எழுதப்படவில்லை. ஆனாலும் அந்தப் பிலிம் பிழைத்திருக்கிறது. 130 வருஷங்களுக்குப் பிறகும் அந்தப் பெண்கள் கதவைத் தாண்டி வந்துகொண்டேயிருக்கிறார்கள். பிலிம் அழிந்திருந்தால் அவர்கள் இருந்ததற்கு இந்தச் சாட்சியும் அழிந்திருக்கும்.

அடுத்த வருஷமே, 1896 ஜூலை 7 அன்று, பம்பாயில் வாட்ஸன் ஓட்டலில் படம் காட்டினார்கள். டிக்கெட் ஒரு ரூபாய். அன்றைய ஒரு ரூபாய்! பம்பாய் மில் தொழிலாளி அந்த வாசலை எட்டிப் பார்த்திருக்க முடியாது.

நம் பக்கத்து ஜனங்களிடம் சினிமாவைக் கொண்டுவந்தவர் ஒரு ரயில்வே ஊழியர். திருச்சியில் ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் து பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையைக் கட்டினார். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த தரை டிக்கெட்டும் டெண்ட் கொட்டகையும் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவற்றுக்கெல்லாம் மூலம் அந்தக் கூடாரம்தான்.

படத்தில் பேச்சு இல்லை. இடையிடையே எழுத்து வரும். எழுத்துத் தெரியாத ஜனங்கள் என்ன செய்தார்கள்? கொட்டகையில் ஒருவர் நின்றுகொண்டு கதையை உரக்கச் சொல்லுவார். இன்று நம் மில்களில் ஒரிஸாக்காரரும் பீகார்க்காரரும் நம்மோடு நின்று வேலை செய்கிறார்கள். பாஷை தெரியாததால் பக்கத்தில் நின்றும் பேச முடியாமல் இருக்கிறோம். ஊமைப் படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாகச் சிரிக்கலாம், ஒன்றாக அழலாம்.

எடுத்தது எவ்வளவு? மிஞ்சியது எவ்வளவு?

1913-ல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தார். பெண்கள் நடிக்க முன்வராத காலம். சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த சாலுங்கே என்ற ஆண்தான் தாராமதி வேஷம் போட்டார். அந்தப் படத்திலிருந்து தொடங்கி, பேசும் படம் ஊமைப் படத்தை ஒழித்துக்கட்டிய 1930-களின் நடுப்பகுதி வரை, இந்தியாவில் ஏறத்தாழ 1300 ஊமைப் படங்கள் எடுக்கப்பட்டன. முழுசாகவோ துண்டு துண்டாகவோ இன்று நம் கையில் இருப்பவை சுமார் 30.

நூறு மூட்டை நெல் அறுத்த களத்தில் இரண்டு மூட்டைதான் வீடு வந்து சேர்ந்தது என்றால் நாம் சும்மா இருப்போமா? மீதி எங்கே என்று கேட்க மாட்டோமா?

தமிழ்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். சென்னையில் மோட்டார் சாமான் வியாபாரம் செய்த நடராஜ முதலியார் 1917-18 வாக்கில் 'கீசக வதம்' எடுத்தார். தென்னாட்டில் எடுத்த முதல் கதைப் படம் அது. ஓர் அடி பிலிம்கூட இன்று இல்லை. புதுக்கோட்டை ராஜா சாண்டோ சென்னையில் இயக்கிய ஊமைப் படங்கள் இல்லை. டி. பி. ராஜலட்சுமி நடித்த ஊமைப் படங்கள் இல்லை. அவரே கதாநாயகியாக நடித்து 1931 அக்டோபர் 31-ல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' கூட இல்லை! தென்னாட்டில் எடுத்த ஊமைப் படங்கள் நூற்றுக்கு மேல். அவற்றில் ஏறக்குறைய முழுதாகப் பிழைத்திருக்கும் கதைப் படம் ஒன்றே ஒன்று. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறோம்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்த அழிவு அல்ல. பணம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே எடுத்த சுமார் 11,000 நீண்ட ஊமைப் படங்களில், முதலில் வெளியான வடிவில் முழுதாக மிஞ்சியவை 14 சதவிகிதமே என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் கணக்குச் சொன்னது.

பஞ்சும் வெள்ளியும்

ஏன் அழிந்தன? இதை மில் தொழிலாளிக்குப் புரியவைப்பது சுலபம். ஏனென்றால் அந்தப் பிலிம் பஞ்சிலிருந்து பிறந்தது.

பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்தில் போட்டுப் பதப்படுத்தி, கற்பூரம் முதலியவை சேர்த்துச் செய்ததுதான் செல்லுலாயிடு. அதே பஞ்சை இன்னும் கொஞ்சம் கூடுதலாக அமிலத்தில் முறுக்கினால் பீரங்கிக்குப் போடும் வெடிமருந்து! பிலிமும் வெடிமருந்தும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அந்தப் பிலிம் தீப்பிடித்தால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதற்குள்ளேயே இருக்கிறது. தீப்பிடிக்காமல் தப்பினாலும், வெயிலும் ஈரமும் சேர்ந்தால் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். கடைசியில் பழுப்புப் பொடியாக உதிரும். நம் ஊர் வெயிலில் தகரக் கொட்டகையில் கிடந்த சுருள் எத்தனை வருஷம் தாங்கும்?

அந்தப் பஞ்சுத் தகட்டின்மேல் மாட்டு எலும்பிலும் தோலிலும் காய்ச்சிய பசை. பசைக்குள் வெள்ளியின் உப்பு. வெளிச்சம் பட்டு அந்த வெள்ளி கறுத்துத்தான் உருவம் வருகிறது. பருத்தி எடுத்த விவசாயத் தொழிலாளி, தோல் உரித்த தொழிலாளி, சுரங்கத்தில் வெள்ளி தோண்டிய தொழிலாளி, மூவருடைய உழைப்பும் ஒவ்வோர் அடி பிலிமிலும் இருக்கிறது.

அந்த வெள்ளியே எமனாக வந்தது. 1931-ல் பேசும் படம் வந்ததும் ஊமைப் படத்துக்கு மார்க்கெட் போயிற்று. லாபம் தராத சரக்கைக் கிடங்கில் வைத்து வாடகை கொடுக்க எந்த முதலாளி சம்மதிப்பான்? பிலிமைக் கழுவி வெள்ளியை எடுத்தார்கள். மிஞ்சிய தகடு வளையலுக்கும் கைப்பைக்கும் போயிற்று. இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வின் சுருள்களே அப்படி வெள்ளிக்காக விற்கப்பட்டன என்று அதை எடுத்தவரின் குடும்பத்தார் பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். ஒரு ஜனசமூகத்தின் முகம் எடை போட்டு விற்கப்பட்டது, தோழர்களே! விற்றவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக நாம் தயாரில்லை. லாபக் கணக்கு அவர்களை அப்படிச் செய்யச் சொல்லிற்று. காப்பாற்ற வேண்டிய அரசாங்கமோ அன்று அன்னிய அரசாங்கம். படத்தைத் தணிக்கை செய்ய 1918-ல் சட்டம் போட்டது. காப்பாற்றச் சட்டம் போடவில்லை.

ரோஸி என்ற புல்லறுக்கும் பெண்

இனி, விவசாயத் தொழிலாளர்களே, உங்களுக்காக ஒன்று சொல்கிறோம்.

நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர் ஜே. சி. டேனியல். சொந்த நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் 'விகதகுமாரன்' என்ற ஊமைப் படம் எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் என்று அதைச் சொல்கிறார்கள். கதாநாயகி வேண்டும். நடிக்க யாரும் வரவில்லை. புல்லறுத்துப் பிழைத்த, நாட்டுக் கூத்தில் நடித்த, தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பெயர் பி. கே. ரோஸி. படத்தில் அவள் போட்ட வேஷம் நாயர் வீட்டுப் பெண்.

1930 வாக்கில் கேப்பிடல் என்ற கொட்டகையில் படம் ஓடிற்று. வெறும் துணித் திரையில், ஒரு கூலிக்காரப் பெண் மேல்ஜாதிப் பெண்ணாக நடமாடுவதை ஜாதி வெறியர்களால் பொறுக்க முடியவில்லை. திரையின்மேல் கல் விழுந்தது. ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவள் லாரி ஏறித் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பி வந்தாள். நாகர்கோவிலில் லாரி டிரைவர் ஒருவரை மணந்து, பெயரை மறைத்து, நடித்ததையும் மறைத்து வாழ்ந்து மறைந்தாள்.

டேனியல் பிழைப்புக்குப் பல் வைத்தியம் பார்த்தார். வறுமையில் 1975-ல் மாண்டார். படம் என்ன ஆயிற்று? வீட்டில் கிடந்த சுருளைத் தன் சிறு வயதில் விளையாட்டாகக் கொளுத்திவிட்டதாக அவருடைய மகனே பின்னாளில் வருத்தத்தோடு சொன்னார். குழந்தையைக் குற்றம் சொல்ல முடியுமா? அது சரித்திரம் என்று வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லவில்லையே!

இன்று கேரள அரசாங்கம் சினிமாவுக்குத் தரும் மிக உயர்ந்த விருது டேனியல் பெயரில் இருக்கிறது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையத்தார் ரோஸியின் பெயரால் திரைப்பட விழா நடத்தியிருக்கிறார்கள். விழா உண்டு, பெயர் உண்டு. ஆனால் ரோஸி நடந்த நடை எப்படி, சிரித்த சிரிப்பு எப்படி என்று பார்க்க ஓர் அடி பிலிம் இல்லை. கல் எறிந்தவர்கள் அன்று திரையைத்தான் கிழித்தார்கள். கவனிப்பாரற்றுக் கிடந்ததால் படமே போயிற்று.

வழக்கு காப்பாற்றிய படம்

அதே குமரிச் சீமையில் இன்னொரு கதை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் 'மார்த்தாண்ட வர்மா' என்ற ஊமைப் படத்தைத் தயாரித்தார், பி. வி. ராவ் இயக்கினார். 1933-ல் வெளியாயிற்று. சி. வி. ராமன் பிள்ளையின் நாவல்தான் கதை. நாவலின் உரிமையைப் பெற்றிருந்த புத்தகக் கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. படம் நிறுத்தப்பட்டது. சுருள் புத்தகக் கம்பெனி வசம் போய்க் கிடந்தது.

படத்துக்குப் பிடித்த சனியன் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் வழக்கில் சிக்கியதால் யாரும் வெள்ளிக்கு விற்கவில்லை; ஊர் ஊராக ஓட்டித் தேய்க்கவும் இல்லை. 1974-ல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தார் அதைக் கண்டுபிடித்து எடுத்துப் போனார்கள். தென்னாட்டு ஊமைப் படங்களில் பிழைத்த அந்த ஒன்று இதுதான். திருவனந்தபுரத்து விழாக்களில் அதைத் திரையிட்டிருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். பொறுப்பானவர்கள் பாதுகாத்ததால் பிழைக்கவில்லை; கோர்ட்டுத் தகராறால் பிழைத்தது. கனடாவில் டாசன் என்ற ஊரில் 1978-ல் கட்டட வேலைக்காக மண் தோண்டியபோது 500-க்கும் மேற்பட்ட ஊமைப் படச் சுருள்கள் கிடைத்தன. பள்ளத்தை மூடுவதற்குக் குப்பையாகக் கொட்டியவை. பனி உறைந்த மண் காப்பாற்றியிருந்தது. கல்கத்தாவில் 1919-ல் எடுத்த 'பில்வமங்கள்' படத்தில் மிஞ்சிய 594 மீட்டர் பாரிஸ் நகரத்துக் காப்பகத்தில் கிடைத்து 2016-ல் இந்தியா திரும்பிற்று. நம் சரித்திரம் தற்செயலின் கையில் இருந்திருக்கிறது. தற்செயலை நம்பி ஒரு ஜனசமூகம் வாழ முடியுமா?

அறுந்த இழையை ஒட்டுகிறவர்கள்

புனேக் காப்பகம் 1964-ல் அமைந்தது. அதை வளர்த்தவர் பி. கே. நாயர். பழைய படம் இருக்கிறதென்று கேள்விப்பட்டால் எந்த ஊருக்கும் ரயில் ஏறிவிடுவார். 1991-ல் அவர் ஓய்வு பெற்றபோது அங்கே சுமார் 12,000 படங்கள் சேர்ந்திருந்தன. பால்கேயின் படங்களில் மிஞ்சியதை நாம் பார்க்க முடிகிறதென்றால் அது அவர் உழைப்பு. அதே புனேயில் 2003 ஜனவரியில் தீப்பிடித்து, நூற்றுக்கணக்கான படங்களின் பழைய சுருள்கள் சாம்பலாயின. ஒருவர் ஆயுள் முழுதும் சேர்த்ததை ஒரு பகல் எரித்துவிட்டது. கட்டடமும் குளிர்சாதனமும் காவலும் வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பழைய சுருளைச் சீர்செய்யும் வேலை எப்படி நடக்கிறது? முதலில் கையால் பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். ஓரத்துப் பல் துவாரங்கள் கிழிந்திருந்தால் ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்கள். ஊமைப் படத்தில் வினாடிக்கு 16 படம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரப் படத்தில் 57,600 படங்கள்! ஒவ்வொன்றையும் கருவியில் பதிவு செய்து, கீறலும் கறையும் நீக்குகிறார்கள். வேறு ஊரில் வேறு பிரதி இருந்தால் அதில் உள்ள காட்சியை இதில் சேர்க்கிறார்கள். அறுந்த இழையைக் கண் இமைக்காமல் பார்த்து ஒட்டும் நம் ஸ்பின்னிங் தொழிலாளிக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

ஜெர்மனியில் 1927-ல் வெளியான 'மெட்ரோபொலிஸ்', பூமிக்கடியில் இயந்திரங்களோடு மாளும் தொழிலாளர்களைக் காட்டிய படம். வியாபாரிகள் அதைக் கால் பங்குக்கு மேல் வெட்டினார்கள். வெட்டாத பிரதி ஒன்று 2008-ல் தென் அமெரிக்காவில் போனஸ் அயர்ஸ் நகரத்தில் கிடைத்தது. சீர்செய்து 2010-ல் பெர்லின் விழாவில் காட்டினார்கள். அழுகிய மாமிசத்தைத் தின்ன மறுத்து எழுந்த மாலுமிகளின் கதையான 'பொட்டெம்கின் போர்க்கப்பல்' 1925-ல் வந்தது. பிரிட்டனில் அதை 1954 வரை பொதுஜனங்களுக்குக் காட்ட விடவில்லை. பல நாடுகளில் தணிக்கைக் கத்தரி அதைக் குதறியது. சிதறிய துண்டுகளைச் சேர்த்து 2005-ல் மறுபடி முழு உருவம் கொடுத்தார்கள். வெட்டுகிற கைகள் உண்டு. ஒட்டுகிற கைகளும் உண்டு.

நம் படமும் அப்படிப் பிழைத்ததுண்டு. தாஜ்மகாலைப் பற்றிய 1928-ம் வருஷத்து 'ஷிராஸ்' படத்தைப் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் சீர்செய்து, அனுஷ்கா சங்கரின் இசையோடு 2017-ல் லண்டன் விழாவில் காட்டிற்று. பிறகு இந்தியாவின் பெரிய நகரங்கள் சிலவற்றிலும் காட்டினார்கள். இத்தாலியில் போர்டெனோன் என்ற ஊரில் ஊமைப் படங்களுக்கென்றே 1982 முதல் விழா நடக்கிறது. 1994-ல் இந்திய ஊமைப் படங்களை வரிசையாகக் காட்டினார்கள். சந்தோஷம்தான். ஆனால் வடமதுரைக்கு எப்போது வரும்? தரை டிக்கெட்டில் பிறந்த கலை, குளிரூட்டிய மண்டபத்தில் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் திரும்பி வந்தால் போதுமா?

கேள்விக்குப் பதில்

வயிற்றுப்பாட்டை விட்டு இதை ஏன் பேசுகிறோம்?

கூலி கேட்கும்போது, "உங்கள் அப்பன் வாங்கியது இவ்வளவுதான்" என்று சொல்லுகிறார்கள். நம் அப்பன் எப்படி வாழ்ந்தான், எப்படிப் போராடினான் என்பதற்கு நம் கையில் என்ன சாட்சி இருக்கிறது? 1968-ல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அன்று நடந்ததைப் பதிவு செய்ய அங்கே காமிரா இல்லை. 2005-ல் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' என்ற படத்தில், உயிரோடிருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்தார். அவர்கள் கண் மூடுமுன் அதைச் செய்ததால் சாட்சி நிலைத்தது. சரித்திரம் இல்லாதவனை ஏமாற்றுவது சுலபம். ஆகவே இதுவும் வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த பிரச்னைதான்.

மத்திய அரசாங்கம் திரைப்படப் பாரம்பரியத்தைக் காக்க 2014-ல் 597 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. நல்லது. அந்தப் பணத்தில் எத்தனை தமிழ்ப் படம் பிழைத்தது என்று கேட்கும் உரிமை வரி கொடுக்கும் நமக்கு உண்டு. புனேயில் உள்ளதுபோல் தமிழ்ப் படங்களுக்கென்றே குளிர்சாதன அறைகளோடு ஓர் அரசுக் காப்பகம் சென்னையில் வேண்டும். சீர்செய்த படங்களை மாவட்டந்தோறும், பஞ்சாயத்துத் திடலிலும் மில் வாசலிலும் இலவசமாகக் காட்ட வேண்டும். இவை நம் கோரிக்கைகள்.

நாமே செய்ய வேண்டியதும் உண்டு. பழைய கொட்டகை இடிக்கிற இடத்தில், ஆபரேட்டராக இருந்த தாத்தாவின் பரணில், துருப்பிடித்த தகர டப்பா கிடைத்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பிரித்து இழுக்காதீர்கள். தீக்குச்சி கிழித்துப் பரீட்சை பார்க்கவே வேண்டாம். வீட்டை விட்டுத் தள்ளி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுப் புனேக் காப்பகத்துக்குத் தகவல் கொடுங்கள். பம்பாயில் 2014-ல் தொடங்கிய பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனும் இந்த வேலையைச் செய்கிறது. 2017-ல் சென்னைக்கே வந்து பயிற்சி கொடுத்திருக்கிறது.

நம் சங்கத்துப் பொருள்களையும் பாருங்கள். பழைய ஊர்வலத்தின் போட்டோ, மாநாட்டை எடுத்த வீடியோ கேசட், கல்யாண கேசட்டின் நடுவே வரும் மில் வாசல், இப்போது செல்போனில் எடுக்கிற படம், எல்லாம் நாளைய ஊமைப் படங்கள். கேசட்டில் பூஞ்சணம் பிடிக்கிறது. போன் தண்ணீரில் விழுகிறது. மானாவாரிக்காரன் விதைச் சோளத்தை ஒரே குதிருக்குள் வைப்பானா? இரண்டு வீட்டில் பிரித்து வைப்பான். அதுபோல ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி, இரண்டு இடத்தில் வையுங்கள். முக்கியமாக, படத்தில் நிற்பவர்களின் பெயரை எழுதி வையுங்கள். லியோன் தொழிற்சாலைப் பெண்களுக்கு நேர்ந்தது நம் பெண்களுக்கு நேர வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் திரை கட்டி, 1895-ல் எடுத்த அந்தத் தொழிற்சாலைப் படத்தைக் காட்டப்போகிறோம். ஒரு நிமிஷம் கூட ஓடாது. பார்த்துவிட்டுப் போங்கள். நாளைக் காலை சங்கு ஊதி, நம் மில் கதவு திறக்கும்போது அந்தப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.